18 முடிந்த பையன்களுக்கு வீடு எங்கே? தருமபுரியில் நாங்கள் அலசிய ஐந்து வழிகள்

ஓர் ஏடிஎம் கார்டில் இருந்து தொடங்குகிறேன். ஐடிஐயில் பிட்டர் பிரிவுக்கு நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தபோது, குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பையன் ஒருவன் என்னிடம் படித்தான். 18 முடிந்ததும் இல்லத்தில் இருந்து வெளியே வந்துவிட்டான். நாலு ரோட்டுப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் வேலை, படுக்கையும் அங்கேயே. சம்பளத்துக்காக வங்கிக் கணக்கு தொடங்கியபோது ஆதாரில் இருந்த விலாசத்தைத்தான் கொடுத்திருக்கிறான். அது இல்லத்தின் விலாசம். கார்டு அங்கே போனது. "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பொய்யும் இல்லை, அவன் அங்கே இல்லைதான். சரி, எங்கேதான் இருக்கிறாய் என்று கேட்டால் எழுதிக் கொடுப்பதற்கு அவனிடம் ஒரு கதவு எண் கிடையாது.

பணி ஓய்வுக்குப் பிறகு நாங்கள் ஐந்து பேர் சேர்ந்தோம். இரண்டு ஆசிரியர்கள், ஒரு மருந்துக்கடைக்காரர், ஒரு வழக்கறிஞர், நான். இப்படி வெளியே வரும் பையன்கள் ஆறு பேருக்கு ஒரு வீடு பிடித்து, கூடவே ஆள் தங்க வைத்துப் பார்த்துக்கொள்வது என்பது திட்டம். வேண்டுமா வேண்டாமா என்பதில் சண்டையே இல்லை. எங்கே என்பதில்தான் ஒரு வருஷம் போய்விட்டது. அந்த வருஷத்தில் நாங்கள் பார்த்த, கணக்குப் போட்ட, சண்டை போட்ட வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன். சேலத்திலோ வேலூரிலோ இதே வேலையில் இறங்குபவர்களுக்கும் பாதியாவது பொருந்தும்.

முதலில் சட்டம். இப்படி இல்லத்தை விட்டு வெளியே வருபவர்களைக் கொஞ்ச காலம் பார்த்துக்கொள்வதற்கு அரசு மொழியில் பிற்காப்பு என்று பெயர். இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 46ஆவது பிரிவு, 18 வயதில் இல்லத்தை விட்டு வெளியேறுபவருக்குப் பொருளுதவி 'வழங்கலாம்' என்கிறது. 'வழங்க வேண்டும்' என்று சொல்லவில்லை. எங்கள் வழக்கறிஞர் இந்த ஒரு விகுதியிலேயே அரை மணி நேரம் நின்றார். 21 வயது வரைக்கும் பிற்காப்பு உண்டு, விதிவிலக்காக இன்னும் இரண்டு வருஷம் நீட்டலாம். 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் ஆறு முதல் எட்டுப் பேர் சேர்ந்து கொஞ்ச காலம் தங்கும் வீட்டைச் சொல்கின்றன. நூறு பேர் படுக்கும் விடுதியைச் சொல்லவில்லை. இது முக்கியம், ஏனென்றால் நன்கொடையாளர்கள் பெரிய கட்டடத்தைத்தான் மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள்.

பணம் அடுத்தது. குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில், பிற்காப்புக்குத் தலைக்கு மாதம் 4,000 ரூபாய். ஆறு பேருக்கு 24,000. மூன்று வேளைக்கும் சேர்த்து ஒருவருக்கு நாளுக்கு 100 ரூபாய் என்று கையைச் சுருக்கிப் போட்டாலே 18,000 சாப்பாட்டுக்குப் போய்விடும். மிச்சமுள்ள 6,000இல் வாடகை, கரண்ட், காஸ், கூடத் தங்குபவர் சம்பளம் எதுவும் அடங்காது. வேலைக்குப் போகும் பையன் சம்பளத்தில் ஒரு பங்கு போட வேண்டும், மீதியை நாங்கள் திரட்ட வேண்டும். அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஐடிஐ, பாலிடெக்னிக், கல்லூரி என்று போகும் பையனுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 வரும். அதைத் தொடுவதில்லை என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானித்தோம். சோப்பு, பஸ், ரீசார்ஜ் எல்லாம் அவனுக்கு அதில்தான்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டால், முதல் இரண்டு வழிகள் ஏன் அவ்வளவு ஆசை காட்டின என்று புரியும். இரண்டிலும் வாடகை இல்லை.

முதல் வழி, குழந்தைகள் இல்ல வளாகத்துக்குள்ளேயே பின்பக்கம் ஒரு கூடம் கட்டிவிடுவது. சமையல் இருக்கிறது, காவலாளி இருக்கிறார், சுற்றுச்சுவர் இருக்கிறது. பத்து நிமிஷத்தில் இதை ஒதுக்கிவிட்டோம். வயது வந்தவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் ஒரே வளாகத்தில் வைப்பது பிள்ளைகளுக்கு நல்லதல்ல. பெரியவன் கையில் ஓசையில்லாமல் பிரம்பு வந்துவிடும். சம்பளம் இல்லாத வார்டனாக மாறிவிடுவான். மணி அடித்தால் சாப்பாடு, மணி அடித்தால் தூக்கம் என்று வளர்ந்தவனுக்கு இன்னும் மூன்று வருஷம் மணி அடிப்பதில் என்ன பயன்? அவன் விலாசமும் அதே பழைய விலாசமாகவே இருக்கும்.

இரண்டாவது வழியில் நான் கொஞ்சம் சறுக்கினேன், ஒப்புக்கொள்கிறேன். காரிமங்கலம் தாண்டி, நெடுஞ்சாலையில் இருந்து உள்ளே ஒரு மாந்தோப்பு. நடுவில் ஓட்டு வீடு, கிணறு, போர், இரண்டு வேப்பமரம். தோப்புக்காரர் நல்ல மனுஷர். "நீங்க எத்தனை வருஷம் வேணும்னாலும் இருங்க, எனக்கு ஒரு பைசா வேண்டாம்" என்றார். எதிர்க்க அக்கம்பக்கமே இல்லை. மாலை வெயிலில் அந்த நிழலைப் பார்த்ததும், பசங்க இங்கே எவ்வளவு நிம்மதியாக இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

திரும்பி வரும் வழியில்தான் மருந்துக்கடைக்காரர் ஒவ்வொன்றாகக் கேட்டார். காலையில் ஐடிஐக்குப் போகிறவன் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்? மெயின் ரோடு வரைக்கும் எப்படிப் போவான்? செகண்ட் ஷோவை விடுங்கள், இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருகிறவன் எப்படி வருவான்? ஆறு பேருக்கும் வண்டி வாங்கித் தருவோமா? ராத்திரி ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால்? அப்புறம் தண்ணீர். எங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு இருப்பது ஊருக்கே தெரியும். பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறைகள் உண்டு. அதற்காகத்தான் ஜப்பான் கடனில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து, 2013இல் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களுக்கும் காவிரித் தண்ணீர் ஓடத் தொடங்கியது. தோப்புக்குள் அந்தக் குழாய் இல்லை.

இதையெல்லாம் விட என்னை உறுத்தியது தோப்புக்காரர் கிளம்பும்போது சொன்ன ஒரு வாக்கியம். "சீசன்ல பசங்க தோப்பையும் கொஞ்சம் பார்த்துக்கலாமே." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஏப்ரலில் இருந்து ஜூலை வரைக்கும் மாங்காய் பறிக்க ஆள் கிடைக்காத ஊரில், வாடகையில்லா வீட்டுக்கு வாடகை எப்படி வசூலாகும் என்று அந்த ஒரு வாக்கியத்தில் தெரிந்துவிட்டது. யாருமே எதிர்க்காத இடம் என்றால் யாருமே பார்க்காத இடம் என்றும் பொருள். அங்கே ஒரு பையனை யாராவது அடித்தால், அல்லது ஒரு பையன் வழி தவறினால், எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. தோப்புக்காரரிடம், இலவச இடத்துக்குப் பதிலாக, நாங்கள் வேறு இடத்தில் பிடிக்கும் வீட்டின் வாடகைக்கு மாதம் ஒரு தொகை தர முடியுமா என்று கேட்டிருக்கிறோம். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டு வாசலில் அவர் அப்பா பெயரில் ஒரு பலகை வைக்க வேண்டுமாம். அந்தப் பலகை விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது, ஹோசூர். "வேலை இருக்கிற இடத்தில் வீடு வையுங்கள்" என்று யாரிடம் கேட்டாலும் சொன்னார்கள். நியாயமான பேச்சு. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன் என்று பல பத்தாண்டுகளாகப் பிட்டர், டர்னர் பையன்களுக்குச் சோறு போட்ட ஊர். என் மாணவர்களில் நிறையப் பேர் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடம் கேட்டபோது வேறு படம் கிடைத்தது. புதிதாக வரும் பெரிய ஆலைகள் ஆண் பிள்ளைகளை வாசலில் நின்று அழைப்பதில்லை. 2021இல் போச்சம்பள்ளி அருகே வந்த மின்ஸ்கூட்டர் ஆலை முழுக்கப் பெண்களைக் கொண்டே நடக்கும் என்று அறிவித்தது நினைவிருக்கும். பெண்களுக்கு வேலை வருவதில் எனக்கு மகிழ்ச்சியே. எங்கள் பையன்களின் கணக்கு அதில் சேராது, அவ்வளவுதான். அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஏஜென்சி வழியாக வரும் கான்ட்ராக்ட் வேலை, இல்லாவிட்டால் அப்ரண்டிஸ். மூன்று ஷிப்ட் மாறி மாறி வரும். ஒரே வீட்டில் ஒருவன் தூங்கும்போது இன்னொருவன் சமைப்பான், மூன்றாமவன் கதவைத் தட்டுவான். கூடத் தங்கும் ஆள் எதைப் பார்த்துக்கொள்வார்?

வாடகையும் அட்வான்ஸும் பெங்களூர்க் காற்றடித்து ஏறிக் கிடக்கின்றன. இன்னொரு தொல்லை, 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதில் இருந்து ஹோசூர் எங்கள் மாவட்டம் இல்லை. தருமபுரி இல்லத்தில் இருந்து வருகிற பையனின் கோப்பு இன்னொரு மாவட்டத்துக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு நகர வேண்டும். கோப்பு நடக்கிற வேகத்தில் பையனுக்கு 21 ஆகிவிடும் என்றார் வழக்கறிஞர். அவர் எப்போதும் அப்படித்தான் பேசுவார்.

ஆனாலும் ஹோசூருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரே டீக்கடையில் ஓடும், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்க மாட்டார்கள். சில பையன்களுக்கு அதுவே பெரிய விடுதலை. இருபது வயது ஆகி, கையில் தொழில் ஏறியவன் அங்கே போகட்டும். பதினெட்டில் போகிறவனுக்கு அந்தச் சுதந்திரம் சீக்கிரமே தனிமையாகிவிடும்.

நான்காவது வழியைச் சொன்னவர் எங்களில் ஓர் ஆசிரியர். வீடே வேண்டாம், 4,000 ரூபாயோடு நாமும் கொஞ்சம் போட்டு அவனவன் கணக்கில் செலுத்திவிடுவோம், அவனவன் ரூம் பார்த்துக்கொள்ளட்டும், வாரம் ஒரு தடவை நாம் போய்ப் பார்ப்போம். 18 ஆனவன் ஓட்டுப் போடுகிறான், அவனை இன்னும் ஏன் மேய்க்க வேண்டும் என்பது அவர் வாதம். கொள்கையளவில் எனக்கு இது பிடித்த வழி. ஆனால் தருமபுரியில் அப்பா அம்மா இருக்கிற பேச்சிலருக்கே வீடு கிடைப்பது பாடு. பெற்றோர் பெயர் கேட்டால் விழிக்கிறவனுக்கு யார் கொடுப்பார்கள்? கொடுத்தாலும், முதல் முறை காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்தால் கஞ்சி வைக்க ஆள் வேண்டும். இது முதல் படியாக உதவாது, கடைசிப் படியாக இருக்கலாம் என்று எழுதி வைத்தோம்.

மீதி இருப்பது ஐந்தாவது: தருமபுரி ஊருக்குள், குடும்பங்கள் வாழும் சாதாரணத் தெருவில், ஒரு சாதாரண வாடகை வீடு. செலவும் தலைவலியும் இதில்தான் கூடுதல். நான் இதன் பக்கம்தான் என்பதை இதற்குள் கண்டுபிடித்திருப்பீர்கள்.

குமாரசாமிப்பேட்டையில் ஒரு வீட்டைப் பார்த்ததும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே தெருக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினோம். குடிபோன பிறகு சொல்லலாம் என்று ஒருவர் ஆலோசனை தந்தார். அது திருட்டுத்தனம், பின்னால் பையன்கள் தலையில்தான் விடியும். பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். டீ வருவதற்குள் முதல் கேள்வி வந்துவிட்டது. "சார், தப்பா எடுத்துக்காதீங்க, வயசுப் பொண்ணுங்க இருக்கிற தெருங்க இது." இரண்டாவது கேள்வி குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. "பசங்க என்ன ஆளுங்க?"

இரண்டும் ஒரே கேள்விதான். 2012 நவம்பரில் ஒரு காதல் திருமணத்தைக் காரணமாகச் சொல்லி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளை எரித்த மாவட்டம் இது. இங்கே வாலிபன் என்றால் காதல் நினைவுக்கு வரும், காதல் என்றால் சாதி நினைவுக்கு வரும். எங்கள் பையன்களில் சிலருக்குத் தங்கள் சாதி என்னவென்றே தெரியாது என்று சொன்னேன். கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அது நிம்மதியா, இன்னும் பெரிய பயமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

மூன்றாவது கேள்வி, எவன் மேலாவது கேஸ் இருக்கிறதா? இதற்குப் பதில் சொல்லச் சட்டமே விடாது. கூர்நோக்கு இல்லத்தில் இருந்துவிட்டு வந்தவனாகவே இருந்தாலும், பழைய பதிவை அழித்துப் புதிதாகத் தொடங்க விட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. வழக்கு நடந்துகொண்டிருந்தாலும் முடிந்துவிட்டாலும், நன்னடத்தைச் சான்றுக்காகக்கூட அந்தப் பதிவைக் காவல்துறை வெளியிடக் கூடாது என்கிறது 74ஆவது பிரிவு. அதனால் "இவன் நல்ல பையன், அவன் கேஸ் பையன்" என்று பிரித்துச் சொல்ல மாட்டோம் என்று நேராகவே சொன்னோம். இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள்.

அப்புறம் ஒரு அக்கா கேட்டார்: "ராத்திரி எத்தனை மணிக்கு லைட்ட அணைப்பாங்க? பாட்டு போடுவாங்களா? வண்டி எத்தனை நிக்கும்?" எனக்கு உயிர் வந்தது. இதற்கெல்லாம் பதில் இருக்கிறது. பத்து மணிக்குக் கேட் சாத்துவோம். வாசலில் வண்டி இரண்டுக்கு மேல் நிற்காது. வீட்டுக்குள் குடிக்கக் கூடாது. எங்கள் ஐந்து பேர் போன் நம்பரும் எதிர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இருக்கும், நள்ளிரவிலும் கூப்பிடலாம். ஒற்றை வார்டனுக்குப் பதிலாகக் கணவன் மனைவியாகக் குடிவைப்போம் என்று சொன்னபோது தெருவின் பாதிப் பயம் இறங்கியது. அதை நாங்கள் முன்பே யோசித்தது பையன்களுக்காக. வீட்டில் ஒரு அம்மா சத்தம் போட்டுக் களி கிண்டினால்தான் அது வீடு. தெருவுக்கும் அதுவே வேண்டியிருந்தது.

சிசிடிவி வையுங்கள் என்றதை மட்டும் மறுத்தோம். வயது வந்தவர்கள் வீட்டுக்குள் கேமரா வைத்துப் பார்ப்பது கண்காணிப்பு ஆகலாம், பராமரிப்பு ஆகாது. இந்த வீட்டில் விதிகள் எல்லாம் பையன்கள் படித்துக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டவையாக இருக்க வேண்டும். பூட்டி வைக்க நமக்கு உரிமை கிடையாது, பிடிக்காவிட்டால் அவன் போகலாம். பிறகு ஒன்று புரிந்தது. ஊருக்குள் வைத்தால் பாதி மேற்பார்வையைத் தெருவே செய்துவிடும். மூலைக் கடைக்காரர் "உங்க பையன் ரெண்டு நாளா ஒரு மாதிரி இருக்கான்" என்று சொல்வார். தோப்பில் அதைச் சொல்ல மாமரம்தான் உண்டு.

வீட்டுக்காரரிடமும் மறைக்கவில்லை. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் இருந்து நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்ய வேண்டும். வேறு மாதிரி பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. 'குடும்பத்துக்கு மட்டும்' என்ற வரியை எடுத்துவிட்டு, ஆறு இளைஞர்களும் ஒரு தம்பதியும் தங்குவார்கள் என்று எழுதச் சொன்னோம். நாளைக்கு யாராவது புகார் கொடுத்து வீட்டுக்காரர் மிரண்டாலும், தெரியாது என்று அவர் சொல்ல முடியாது.

இனி அந்தப் பலகை. வாசலில் எந்தப் பெயர்ப்பலகையும் கிடையாது என்பதில் நாங்கள் ஐந்து பேரும் ஒன்று. பலகை ஏறிய நிமிஷமே அது மறுபடியும் இல்லம் ஆகிவிடும். பையன் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது கதவு எண், தெரு, குமாரசாமிப்பேட்டை, தருமபுரி என்று எழுதட்டும். மேலாளர் அதைப் படித்து எதுவும் யோசிக்காமல் அடுத்த வரிக்குப் போகட்டும். ஆதாரிலும் அதையே ஏற்றிவிடுவோம். மூன்று வருஷம் கழித்து அவன் தனி ரூம் தேடும்போது, முன்பு எங்கே இருந்தாய் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு தெரு இருக்கும், விசாரித்தால் "நல்ல பையன், வாடகை ஒழுங்கா கொடுப்பான்" என்று சொல்ல ஒரு மூலைக் கடைக்காரரும் இருப்பார். தோப்பிலோ வளாகத்திலோ எத்தனை வருஷம் இருந்தாலும் இது சேராது. வாடகையை நான் இதற்கான விலையாகத்தான் பார்க்கிறேன்.

ஆக, ஊருக்குள் வீடு என்று முடிவு. 20 தாண்டித் தொழில் பிடித்தவர்களுக்கு ஹோசூரிலோ இங்கேயோ தனி ரூம், அட்வான்ஸுக்கு மட்டும் நாங்கள் கை கொடுப்போம். தோப்புக்கு வேண்டுமானால் பொங்கலுக்கு ஒரு நாள் போய் வரலாம்.

இன்னும் இழுத்துக்கொண்டிருப்பது இரண்டு வீடுகளில் எது என்பது. இலக்கியம்பட்டி வீடு புதுசு, மூன்று அறை, ஆனால் பக்கத்து மனைகள் காலி. குமாரசாமிப்பேட்டை வீடு பழசு, திண்ணை உண்டு, தைப்பூசத் தேர் சமயத்தில் தெருவே கூட்டமாக இருக்கும், பையன்கள் பந்தியில் பரிமாறப் போனால் நாலு பேருக்கு முகம் தெரியும். எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. தண்ணீர்தான் இடிக்கிறது. நகரத்தில் ஆளுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது அரசின் கணக்கு. எட்டுப் பேருக்கு 1,080 லிட்டர். குழாயில் நாலு நாளைக்கு ஒரு முறை வந்தால் 4,320 லிட்டர் பிடித்து வைக்க இடம் வேண்டும். அந்த வீட்டுத் தரைத்தொட்டி ஆறடிக்கு ஐந்தடி. ஐந்தடி ஆழம் இருக்கும் என்கிறார் வீட்டுக்காரர். அப்படியானால் 150 கன அடி, ஏறக்குறைய 4,250 லிட்டர், மாடியில் ஒரு சின்ன டேங்க் வைத்தால் சமாளிக்கலாம். ஆனால் அடியில் எத்தனை அங்குலம் சேறு என்று யாருக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப்பும் நீளமான குச்சியும் எடுத்துக்கொண்டு போகிறேன்.